மைக் பிடித்துச் சொன்ன சாட்சி

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோவில் என் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் மடியிலும் ஜிப் உறை போட்ட பைபிள். இளையவள் சொன்னாள்:

"சபையில நான் சாட்சி சொன்ன அன்னைக்கு சாயந்திரமே எங்க ஊட்டுக்காரரு குடிச்சிட்டு வந்தாருக்கா."

அதற்குமேல் நான் போனைப் பார்ப்பதாக நடிக்கத்தான் முடிந்தது.

"மெல்லப் பேசு. யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லக்கா. ஜெபத்தால குடியை உட்டுட்டாருன்னு மைக்கு புடிச்சுச் சொன்னேன், சபையே கை தட்டுச்சு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல மறுபடியும் சொல்லச் சொல்றாரு பாஸ்டர்."

"சொல்லிட்டுப் போ. இல்லேன்னா கர்த்தரோட பேருதான் கெடும்."

"என் பொய்யாலதான் கர்த்தர் பேரு நிக்கணுமாக்கா? சத்தியமே அவருதான்னு சொல்லிகினு கீறோம். நான் உள்ளதைச் சொல்லப்போறேன். திரும்பவும் குடிக்கிறாரு, இன்னும் ஜெபம் பண்ணுங்கன்னு."

"கேக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

"ஜெபம் பண்ணுவாங்கன்னுதான் நெனச்சேன்."

வேலப்பன்சாவடி சிக்னலில் வண்டி நெடுநேரம் நின்றது. குமணன்சாவடியில் இறங்குவதற்காக மூத்தவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகுதான் இளையவளின் காதருகே குனிந்தாள். எனக்கும் கேட்டது.

"போன வருஷம் சுகர் சுத்தமா போயிடுச்சுன்னு நான் சாட்சி சொன்னேனே, ஞாபகம் கீதில்ல? மாத்திரை இன்னும் போட்டுகினுதான் கீறேன். நீ சொல்லி முடிச்சதும் மைக்கை என்கிட்ட குடு."