முதல் பதிவைக் காட்டும் வரி

என் அறையில் குளிரூட்டி கிடையாது. கணினிகள் இருக்கும் அறையில் உண்டு. அதில் எனக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. நைஜீரியாவில் எங்கள் இலேஷா ஊரின் வெயிலை மனிதன் தாங்குவான், இயந்திரம் தாங்காது.

இபாதானிலிருந்து விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் கணினி படித்தவர். ஆனால் உங்கள் அறிக்கையைப் பாதிரியார்களும் படிப்பார்கள். அதனால் எளிமையாகவே சொல்கிறேன். இந்த மிஷன் மருத்துவமனையின் தரவுத்தளத்தை அமைத்தவன் நான். அதற்கு மூன்று அடுக்குகள். அடியில், கணினியின் வட்டில் எது எங்கே கிடக்கிறது என்பது. அது இயந்திரத்தின் கவலை. நடுவில் அட்டவணைகள்: நோயாளிகள், சோதனைகள், மருந்துகள். உண்மை இருப்பது அங்கே. மேலே, ஒவ்வொருவர் திரையிலும் தெரிவது. அதை நாங்கள் ‘பார்வை’ என்போம். மருத்துவருக்குத் தெரிவது காசாளருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஒரே உண்மையை ஆளுக்கு ஓர் அளவில் காட்டுவது பொய் ஆகாது.

எங்கள் குடும்பப் பெயர் அடேசாக்கின். என் தாய் பெற்ற பிள்ளைகளில் நான் ஒருவன்தான் மிஞ்சினேன். பிறப்பதும் சாவதுமாகத் தாயை அலைக்கழிக்கும் பிள்ளையை இங்கே அபிக்கு என்பார்கள். எங்கள் வீட்டை ‘அபிக்கு வீடு’ என்றே அழைத்தார்கள். சந்தையில் என் தாயிடம் சிலர் கை படாமல் காசு வாங்குவார்கள். அந்தப் பெயரைத் துடைப்பதற்கே என் வாழ்நாள் போயிற்று.

என் மகன் ஃபொலாரினுக்கு மொரெனிகேயைப் பேசினோம். அவள் தந்தை ஊரில் பட்டம் சூடியவர். பெண் கேட்கப் போன அன்று, மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்யவென்றே வழக்கப்படி அவர்கள் அமர்த்தியிருந்த வாயாடி அம்மாள் எங்களை ஒரு பிடி பிடித்தாள்.

“என்னய்யா, அடேசாக்கின் வீட்டு ஆம்பளைங்களுக்கு முட்டி வலியா? பொண்ணு கேக்க வந்துட்டு இப்படி நிமிந்து நிக்கறீங்க! விழுங்க தரையில! சட்டை கசங்கும்னு மாப்பிள்ளை யோசிக்கறாரு பாரு. விழுங்க தம்பி, எங்க பொண்ணு இஸ்திரி போட்டுத் தருவா!”

ஃபொலாரினும் அவன் நண்பர்களும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்யாணத்தன்று உடுத்த இரு குடும்பத்துக்கும் ஒரே துணி எடுத்துத் தைத்தாயிற்று. அதன் பிறகுதான் தேவாலயம் இருவருடைய ரத்தத்தின் எழுத்தை எங்கள் மருத்துவமனையிடம் கேட்டது.

தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று ஆளுக்கு இரண்டு எழுத்து; ஏ-ஏ என்றால் கவலையில்லை. ஏ-எஸ் உள்ள இருவர் மணந்தால் பிறக்கும் பிள்ளை எஸ்-எஸ் ஆகலாம். ரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைந்து, குழாய்களை அடைத்து, எலும்பு எலும்பாக வலிக்கும். அப்படிப்பட்ட ஜோடிக்குத் தேவாலயம் மணம் செய்து வைக்காது. மொரெனிகே ஏ-எஸ். ஃபொலாரினுக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. பள்ளி வயதில் யாரோ அவசரக்காரன் எழுதிய ஏ-ஏ. பிறகு நல்ல கருவியில் எடுத்த ஏ-எஸ். இரண்டாவதை அவனிடம் நான் சொன்னதில்லை. திரை எப்போதும் கடைசிப் பதிவைத்தான் காட்டும். காட்டினால் கல்யாணம் நிற்கும். அந்த எஸ் யாரிடமிருந்து வந்தது என்று ஊர் கேட்கும். ‘அபிக்கு வீடு’ என்ற பழைய பெயர் திரும்பி வரும்.

அதனால் ஒரு வரி எழுதினேன். அடேசாக்கின் என்ற குடும்பப் பெயருக்கு மட்டும், கடைசிப் பதிவுக்குப் பதில் முதல் பதிவைக் காட்டு. எதையும் அழிக்கவில்லை, எதையும் திருத்தவில்லை. தேவாலயத்துக்கு மட்டும் தனிப் பார்வை செய்திருக்கலாம். ஆனால் ஒரே விதியை இரண்டு இடத்தில் எழுதுவது மட்டமான வேலை. எல்லாத் திரைகளும் எங்கிருந்து எடுக்கின்றனவோ, அங்கேயே எழுதினேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. என் பேத்தி ஐனா பிறந்தாள். பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் இது சரியாகப் பிடிபடாது. ஏ-ஏ என்று பதிந்தார்கள். தவழும் வயதில் அவள் விரல்கள் வீங்கின. மறுபடி சோதித்தார்கள். ஆய்வகத்தில் பெயர் தெரியாது, எண் மட்டும்தான்; முடிவைக் காகிதத்தில் தருவதுமில்லை. இரண்டும் நான் செய்த ஏற்பாடு. நர்ஸ் திரையைப் பார்த்து, “ஏ-ஏதாம்மா. பல்லு முளைக்குது, வேற ஒண்ணுமில்ல” என்று அனுப்பிவிட்டாள்.

அவளும் அடேசாக்கின்தானே, திரை முதல் பதிவையே காட்டியது. அட்டவணையில் எஸ்-எஸ் என்று இருந்தது. நான் பார்த்தேன்.

அந்த நோய்க்குத் தரும் ஃபோலிக் அமிலத்தை நானே வாங்கி, வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்து வந்தேன். மொரெனிகே கேலி செய்வாள். “பாபா, பேத்தி வந்தப்புறம் மருமக கண்ணுக்கே தெரியல போல. எனக்கும் ஒரு பாட்டில் வாங்கித் தரக்கூடாதா?” நல்ல பெண்.

அந்த வரியை எடுத்திருக்கலாம். எடுத்தால் எல்லாத் திரையிலும் எழுத்து மாறும்; ஏன் என்று தணிக்கையில் தோண்டினால், அதை எழுதியவன் நான் என்பது வெளிவரும். மொரெனிகேயின் தந்தை காதுக்குப் போகும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். எஸ்-எஸ் பிள்ளைகள் பலர் வளர்ந்து ஆளாகிறார்கள்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு ஐனாவைத் தூக்கி வந்தார்கள். காலைத் தொட்டாலே அலறினாள். மூச்சு வாங்கியது. பணியில் இருந்தவர் டாக்டர் எக்கேனே, சிறு வயது. என் பக்கம் திரும்பினார்.

“பாபா, உங்க குடும்பத்துல யாருக்காச்சும் அரிவாள் அணு இருக்கா? எனக்குப் பாத்தா அப்படித்தான் தோணுது.”

மொரெனிகே என் முகத்தைப் பார்த்தாள்.

“திரையைப் பாருங்க டாக்டர்” என்றேன்.

பார்த்தார். “அப்பாவும் ஏ-ஏ, குழந்தையும் ஏ-ஏ. அப்ப மலேரியாதான்” என்றார். மறுசோதனை கேட்கவில்லை. என் தரவுத்தளத்தை அவர் அவ்வளவு நம்பினார். அந்த நொடியில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை. மறுநாள் காலை ஐனா போய்விட்டாள்.

நீங்கள் நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். எனக்குத் தெரியும். அவர் கேட்டபோதும் தெரியும். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தபோதும் தெரியும். இரண்டு எழுத்து சொன்னால் போதும். நான் சொல்லவில்லை.

அறிக்கையில் என் பெயரைப் போடுங்கள். ஓய்வூதியத்தை நிறுத்துங்கள், காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். அதில் எந்தப் பகுதியும் என் மகன் வீட்டுக்குத் தெரியவேண்டாம். மொரெனிகே மறுபடி முழுகாமல் இருக்கிறாள். இந்த நேரத்தில் அவள் மனம் கலங்கக் கூடாது.