விளிம்புச் சங்கிலி

இரவு பதினொன்றே கால். ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போகும் புறவழிச்சாலை. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள்... ஒரு நாய்கூட இல்லை. அந்தச் சாலையில் ஒரே ஒரு கார். ஓட்டுகிறவள் ஒரு பெண், தனியாக. பின் சீட்டில் ஆள் நீளத்துக்கு ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி.

அந்தச் செல்போன் வெளிச்சத்தை அணையுங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். இது நான் கட்டிய கதை இல்லை. என்னோடு இஸ்திரிப் பிரிவில் வேலை பார்க்கிறாளே நெட்டை, அவள் வீட்டில் நடந்தது. காரை ஓட்டியது அவளுடைய அண்ணி.

அண்ணிக்குப் பழைய உடுப்பு சேர்க்கிற பைத்தியம். பழசு என்றால் கிழிசல் இல்லை. பேர்போன டிசைனர்கள் முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் தைத்தவை. அவற்றுக்கென்று ஒரு தனி அறை, ராப்பகலாக ஏசி, தொடுவதற்கு வெள்ளைக் கையுறை, பாச்சை உருண்டை வாசனை. பக்கத்து அறையில் மாமியார் விடிய விடிய இருமினால் எட்டிப் பார்க்க மாட்டாள். அந்த ஏசி நின்றால் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவாள்.

இன்னொரு பழக்கம். எந்த உடுப்பிலிருந்தும் விலைச்சீட்டை வெட்ட மாட்டாள். சீட்டு இருந்தால்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பாம். தான் உடுத்துகிற சாதாரணச் சட்டையில்கூட அதை உள்ளே மடித்துச் செருகிக்கொண்டு திரிவாள். கைக்கு வந்துவிட்ட பழக்கம். "உங்க அண்ணிய எப்ப வேணும்னாலும் கடையில திருப்பிக் குடுத்துடலாம்டி" என்று நெட்டையைக் கேலி செய்வோம். அப்போது சிரித்தோம்.

அந்த மாமியார், நெட்டையின் அம்மா, இளவயதில் ஒரு பெரிய டிசைனரிடம் வேலை பார்த்தவர். என்ன வேலை தெரியுமா... நிற்கிற வேலை. புதிதாக வெட்டிய துணியை ஓர் ஆள் மேல் போட்டு, ஊசி குத்தி, சரி பார்ப்பார்கள். அந்த ஆள் இவர்தான். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், அசையாமல். பதினான்கு வருடத்தில் இடது முட்டி தேய்ந்துபோனது. நிற்க முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை? ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் அது சாதாரணக் கோட்டு இல்லை. அகன்ற தோள், ஒடுங்கிய இடுப்பு, முழங்காலுக்குக் கீழே வரை நீளம். விளிம்பு மடிப்புக்குள்ளே, வெளியே தெரியாமல், ஒரு மெல்லிய சங்கிலி ஓடும். துணி நேராகத் தொங்குவதற்காக. போட்டுக்கொண்டு நடந்தால் மட்டும் மெதுவாகக் கேட்கும். சலக்... சலக்... அம்மா இடது காலை இழுத்து நடப்பார் அல்லவா, அதனால் அவர் போட்டால் வேறு தாளம். சலக்... இழுப்பு... சலக்.

"இந்தச் சங்கிலி இருந்தாதான் இது கோட்டு. இல்லன்னா வெறும் துணி" என்று விளிம்பை விரலால் நெருடிக்கொண்டே சொல்வாராம். படுக்கையில் விழுந்த பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் போறப்ப இத போட்டு அனுப்புங்க. பதினாலு வருஷம் ஊர்ல இருக்கறவங்க துணியெல்லாம் போட்டு நின்னேன். எனக்குன்னு தச்சது இது ஒண்ணுதான்."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நானே போட்டுவிடறேன் அத்தை" என்றாள்.

அந்த வருடம் பார்த்து அந்த வெட்டு திரும்பி வந்தது. நாற்பது வருடம் கேலிக்குக் கிடந்த அகன்ற தோள் ராஜ மரியாதையோடு கடைகளுக்குள் நுழைந்தது. அதே கறுப்பு, அதே பொத்தான்... கடைக்குக் கடை நகல் தொங்கியது. அந்த டிசைனரின் அசல் உடுப்புகளை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடக்கப்போகிறது என்ற செய்தியும் வந்தது. அண்ணிக்குத் தூக்கம் போனது.

அம்மா மழை பெய்த ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேர்ந்தார். அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு உடுப்பு மாட்டினாள். வெளியே வந்தபோது எல்லோரும் கண் கலங்கினார்கள். அகன்ற தோளோடு அம்மா அப்படியொரு மிடுக்காகப் படுத்திருந்தார். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அண்ணன் குனிந்து, அம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் கோட்டுப் பைக்குள் வைத்தான். "இது இல்லாம அம்மாவுக்கு ஊசிக் காதுகூடத் தெரியாது" என்றான்.

மண்ணுக்குள் போனது கடை நகல். அசல் ஏசி அறையில்.

செத்தவள் விளிம்பைத் தடவியா பார்க்கப்போகிறாள்... அண்ணி அப்படித்தான் நினைத்தாளாம். பின்னால் அவளே சொன்னது.

புருஷனிடம் வாய் கூசாமல் வேறு கதை விட்டாள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவரிடம் அதே மாதிரி இன்னொன்று கிடைத்ததாம். அவன் நம்பினான். "அம்மாவையே பாக்கற மாதிரி இருக்கும்ல" என்றான், பாவம். கண்காட்சிக்கு முந்தின ராத்திரி வேலை முடிந்ததும் தங்கையையும் கூட்டிக்கொண்டு நேராக அந்த மண்டபத்துக்கே போய்க் காத்திருந்தான். அண்ணி கோட்டோடு தனியாகப் புறப்பட்டாள்.

இப்போது அந்தச் சாலைக்கு வாருங்கள்.

முதல் வளைவில் கேட்டது. சலக்.

கண்ணாடியில் பார்த்தாள். பெட்டி வைத்தபடி இருந்தது. மடிப்புக்கு மடிப்பு காகிதம் வைத்துப் படுக்கப்போட்ட கோட்டு... அதில் சங்கிலி ஆட வழியே இல்லை. ரேடியோவைப் போட்டாள். பாட்டுக்கு அடியில் மறுபடி. சலக்... இழுப்பு... சலக்.

பதினோரு வருடம் ஒரே வீட்டில் கேட்ட நடை. யாருடையது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓரமாக நிறுத்தினாள். முடிச்சை அவிழ்த்து மூடியைத் தூக்கினாள். கோட்டு இருந்தது. விளிம்பை நெருடினாள். சங்கிலி இருந்தது. ஆனால் துணி கதகதப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்ட மாதிரி. முட்டிக்குப் போடும் தைலத்தின் வாசனை. மூடியைச் சாத்தி, இறுக்கிக் கட்டி, வண்டியைக் கிளப்பினாள்.

அதற்குப் பிறகும் சத்தம் கேட்டது. ஆனால் பின் சீட்டிலிருந்து இல்லை. வெளியே, சாலையில், காருக்குப் பின்னால். சலக்... இழுப்பு... சலக்... தூரமாகிக்கொண்டே போனது. அப்புறம் நின்றுவிட்டது. அப்பாடா என்று இருந்ததாம் அவளுக்கு. காருக்குள் மட்டும் ஈரமண் வாசனை. கண்ணாடியை இறக்கினாள். போகவில்லை.

மண்டபத்தில் எல்லாப் பொம்மைகளும் உடுத்தி நின்றன. ஒன்று மட்டும் வெறுமையாக. பொம்மைகளுக்கு உடுப்பு மாட்டுகிற பெரியவர் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார். அண்ணன் பக்கத்திலேயே நின்றான். நெட்டை ஓரடி தள்ளி.

பெரியவர் கோட்டைத் தூக்கியதும் முகம் சுளித்தார். ஒரு கையால் எடை பார்த்தார். கைப்பகுதிக்குள் விரலை விட்டு எதையோ வெளியே இழுத்தார்.

"என்னம்மா, இது கடைச் சரக்கு. விலைச்சீட்டுகூட இருக்கே."

அண்ணி பார்த்தாள், அவளே உள்ளே மடித்துச் செருகிய சீட்டு.

"ஈரமா வேற இருக்கு... இங்க பாருங்க, விளிம்பச் சுத்தியும் பிரிச்சிருக்காங்க. நல்ல கை தெரிஞ்சவங்கதான். துணியில ஒரு இழை அறுபடல. உள்ள சங்கிலி இருக்கான்னு தேடின மாதிரி இருக்கு."

அண்ணன் கோட்டுப் பைக்குள் கையை விட்டான். வெளியே எடுத்தபோது கையில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி.

ஒன்றே ஒன்று கேட்டானாம், பெண்டாட்டியைப் பார்த்து. "அப்போ அம்மாவ எத போட்டு அனுப்பினே?"

அண்ணி எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். எதற்காக அழுதாள் என்று நெட்டைக்கு இன்றுவரை தெரியவில்லை. கோட்டுக்காகவும் இருக்கலாம்.

அசல் எங்கே என்றுதானே பார்க்கிறீர்கள். அது கிடைக்கவே இல்லை. தோண்டிப் பார்க்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அண்ணன் விடவில்லை. "அம்மா அத போட்டிருந்தா போட்டுக்கட்டும். போடலைன்னா... அத நான் பாக்க வேணாம்" என்றான். இப்போது தனியாக வேறு வீட்டில் இருக்கிறான். அண்ணி அந்த ஏசி அறையோடு இருக்கிறாள்.

அன்றைக்கு ராத்திரி மூக்குக்கண்ணாடியை அண்ணன் கையிலிருந்து வாங்கியது நெட்டைதான். மண் படிந்திருக்கும் என்று முந்தானையால் துடைக்கப் போனாள். மண் இல்லை. சுத்தமாக இருந்தது. இரண்டு வில்லையின் ஓரத்திலும் மட்டும் ஏதோ ஒட்டியிருந்தது... கறுப்பாக, பொடிப்பொடியாக. துணியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துத் தையல் பிரித்தால் உதிருமே, அந்த நூல் துணுக்கு.