பில்டரில் பூத்த உப்பு

முத்தையாபுரம் முதியோர் வகுப்பின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும், என் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்த ஆசிரியை ஞானபாய் அம்மா அவர்களே! எனக்கு முன்னே எழுத்துக் கூட்டி, எனக்கு முன்னே பரிசும் வாங்கிவிட்ட வகுப்புத் தோழர்களே! உப்புக் காற்றை உண்டு, உப்பு வெயிலை உடுத்தி, உப்பளத்தில் உழைத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சிவனணைந்தபெருமாள் ஆகிய என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து. மெல்ல எழுதினேன், மெல்லத்தான் வாசிப்பேன். யாரது பின்னால் கடிகாரம் பார்ப்பது? மாரிராஜா? உட்காரும் ஐயா, கேசரி கடைசியில்தான் வரும்!

நான் பேச வந்தது ஒரு மிஷினைப் பற்றி. வயர் இல்லாமல், கையில் பிடித்தபடி தூசியை உறிஞ்சும் வேக்குவம் கிளீனர். பெங்களூரில் இருக்கும் என் மகள் பேச்சிச்செல்வி வாங்கி வைத்துவிட்டுப் போனது. ஏன் வாங்கினாள்? என் பேத்திக்குத் தூசி பட்டால் இளைப்பு வரும். இங்கேயோ துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிப் போகும் லாரி ஒவ்வொன்றும் நம் வீட்டுக்குள் ஒரு பிடி கரியைத் தூவிவிட்டுத்தானே போகிறது!

விடுமுறைக்கு வருவதாக மகள் போன் செய்தாள். "யப்பா, மிஷின் ஓடுதா? பிள்ளைக்குத் தூசி ஆகாது, பாத்துக்கோங்க. ஓடலன்னா நாங்க அத்த வீட்டுல இறங்கிட்டு, ஒரு எட்டு வந்து ஒங்களப் பாத்துட்டுப் போயிருதோம்."

ஒரு எட்டு! வருடமெல்லாம் வாசலைப் பார்த்திருந்தவனுக்கு ஒரு எட்டு!

"ஜோரா ஓடுது தாயி" என்றேன். போனை வைத்துவிட்டு மிஷினை எடுத்து அழுத்தினேன். ஓடியது, நின்றது. ஓடியது, நின்றது. இளைப்பு வந்த பிள்ளையைப் போலவே அதுவும் மூச்சுக்குத் திணறியது.

பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் எட்டிப் பார்த்தாள். "ஏன் அண்ணாச்சி, அத மடியில போட்டுத் தாலாட்டுதிய? கூட்டுறதுக்கு ஒரு வாரியல் தாரேன், அது என்னைக்கும் ரிப்பேர் ஆவாது!" இதோ, முன்வரிசையில் இருந்து சிரிக்கிறாள். சிரி தாயே, சிரி! அன்று என் வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு உன்னுடையதுதான்.

விட்டேனா? மிஷினோடு வந்த புத்தகத்தை விரித்தேன். அதில் தமிழும் இருந்தது! விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். சார்ஜ் உள்ளதா பார்க்கவும். இருந்தது. குழாயில் அடைப்பா பார்க்கவும். இல்லை. உருளும் பிரஷில் சுற்றிய முடியை வெட்டி எடுக்கவும். முடியா? என் தலையைப் பாருங்கள், அங்கே என்ன இருக்கிறது? ஆனால் பிரஷில் நீளமாக இருந்தது. போன முறை வந்த மகளின் முடி. வெட்டி எடுத்தேன், வீசத்தான் மனம் வரவில்லை. ஜன்னல் ஓரத்தில் வைத்தேன்.

அடுத்த வரி: பில்டரைத் தண்ணீரில் கழுவி உலர்த்தவும். போர் தண்ணீரில் கழுவினேன். மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். அப்பளம் போல விறைத்துக் காய்ந்தது. மாட்டினேன். முன்பு நின்று நின்று ஓடியது, இப்போது ஓடவே மறுத்தது!

சொன்னபடிதானே செய்தேன்? பிறகு ஏன் கெட்டது? கற்ற எழுத்து என்னைக் கைவிட்டதா? பில்டரைத் தடவினேன். விரலில் வெள்ளையாக ஒட்டியது. நாக்கில் வைத்தேன்.

உப்பு!

ஆயுளெல்லாம் பாத்தி கட்டி, நீரைத் தேக்கி, வெயிலில் உப்பு விளைத்தவன், மாடியிலும் அதையே விளைத்திருக்கிறேன்! புத்தகம் எழுதியவருக்கு நம் ஊர் போர் தண்ணீரைத் தெரியுமா? தெரிந்த நானல்லவா யோசித்திருக்க வேண்டும்?

குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும்வரை காத்திருந்தேன். குடிக்கப் பிடித்ததில் ஒரு குடம் பில்டருக்கு! ஊறவைத்து, அலசி, நாக்கில் வைத்து, கரித்தால் மறுபடியும் அலசி, நிழலில் போட்டேன். ஈரம் துளியும் இல்லாமல் காயும்வரை தொடவில்லை. பிறகு மாட்டினேன். அழுத்தினேன்.

ஓடியது! நிற்காமல் ஓடியது! மூலை முடுக்கெல்லாம் ஓடியது! கைதட்டுங்கள், அதற்குத்தானே நிறுத்தினேன்!

மகளுக்குப் போன் போட்டு, மிஷினருகே பிடித்தேன். "கேளு தாயி, சத்தத்தக் கேளு!"

"யப்பா... ஒங்க மருமவனுக்கு லீவு கிடைக்கல. அடுத்த லீவுக்குப் பாப்போம், என்ன?"

"அதுக்கென்ன தாயி, வேலைதான முக்கியம்."

போனை வைத்துவிட்டு, சுத்தமான தரையையே மறுபடியும் சுத்தம் செய்தேன். பேட்டரி தீர்ந்து மிஷின் நின்றது. அப்போதுதான் தெரிந்தது, அதுவரை என் வீட்டில் பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான் என்று.

பெரியோர்களே, தாய்மார்களே! ஒரு வீட்டை எதற்காகச் சுத்தம் செய்கிறோம்? தூசி போனால் போதுமா? ஆள் வர வேண்டாமா? நின்றுபோன மிஷின் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். இருவருமாகக் கழற்றிப் பார்ப்போம். நன்றாக ஓடும் மிஷின் வைத்திருப்பவர்களும் வாருங்கள். மிஷினே இல்லாதவர்கள் சும்மா வாருங்கள்! மாரிராஜா, காலைக் கழுவாமல் வாரும். கரியோடு வாரும், மண்ணோடு வாரும், உறிஞ்சி எடுக்க என்னிடம் மிஷின் இருக்கிறது! தங்கத்தாய், இனி எட்டிப் பார்க்காதே, உள்ளே வா!

தாள் முடிகிறது. எழுத்துத் தந்த ஞானபாய் அம்மாவுக்கும், என் மெதுவான வாசிப்புக்குப் பொறுமையாக இருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. தெருக்குழாய்க்கு எதிர்வீடு. கதவைத் தட்ட வேண்டாம், திறந்தே இருக்கிறது. வணக்கம்.