வெயிலில் நின்றுபோன சோலார்

கூரை நிறைய வெயில் காயும்போது, அதே வீட்டில் ஒருவருக்கு மூச்சுவிட மின்சாரம் இல்லாமல் போகுமா? கருங்குழிப் பேருந்தில், முன்னிருக்கையில் கைப்பேசியுடன் பதறிய தம்பதியால், எங்கள் குடியிருப்பில் சோலார் பொருத்தத் திட்டமிட்டிருந்த எனக்குள் எழுந்த கேள்வி இது.

“வூட்டுல கரண்ட் பூட்ச்சாம். அப்பாவோட ஆக்சிஜன் மெஷின் நின்னுடுச்சு.”

“இன்னாடி சொல்ற? வெயில் கொளுத்துது, சோலார் எப்படி நிக்கும்?”

“லைன்ல கரண்ட் போனா அதுவும் நின்னுடுமாம். பேட்டரி இருந்தாத்தான் ஓடுமாம். பேட்டரி எதுக்குன்னு நீதான சிரிச்ச?”

“சண்டைய அப்பால வெச்சிக்கோ. சிலிண்டர் கீதா?”

“கீது. தம்பிக்குத் தொறக்கத் தெரியல.”

“போனைக் குடு. மச்சான், சாவிய இடதுபக்கம் திருப்பு. மெதுவா. காத்து வருதா?”

கணவர் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“வருதாம்.”

மனைவி அவர் தோளில் சாய்ந்து அழுதார்.

எங்கள் குடியிருப்பின் சோலார் திட்டத்தில் இப்போது பேட்டரியும் சேர்ந்திருக்கிறது.