ஒபதியா பென்றோசுக்கு நான் செய்த உதவி

இந்த அறையில் ஏ.சி.யைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் நல்லது. குளிரென்றால் என் முழங்கால் குடையத் தொடங்கிவிடும். கோப்பி பரவாயில்லை. சாம்பவி, நான் சொல்வதை அப்படியே இந்த ஒஃபிசருக்கு இங்கிலீசில் சொல்லும் பிள்ளை. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் சிரித்துச் சிரித்துக் கதைக்கிறேனே என்று அவர் ஒருமாதிரிப் பார்க்கிறார். கொஞ்ச நாளாக நான் இப்படித்தான். சந்தோஷம் வந்தால் எனக்கு அடக்கத் தெரியாது.

பெயர் அன்ரனெற். ரொறன்ரோவில், ரெக்ஸ்டேலில் இருக்கிறேன். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் கிச்சினில் வேலை. கல்யாணம் கட்டவில்லை. ஞாயிறு பின்னேரம் எங்கள் தமிழ்ப் பூசைக்கு ஓர்கன் வாசிப்பது நான்தான். வெள்ளைக்காரர் கட்டிய பழைய கத்தோலிக்கக் கோயில் அது. காலையில் அவர்களில் நாலைந்து வயசாளிகள் வந்து இருமிவிட்டுப் போவார்கள். பின்னேரம் எங்கள் சனம் வந்தால் நிற்க இடமிருக்காது.

யாழ்ப்பாணத்தில் நான் காலால் மிதித்து ஆர்மோனியம் வாசித்தவள். இந்த ஓர்கனோ ஒரு வீடு மாதிரி. பீடத்துக்குப் பக்கத்தில் கூரை வரைக்கும் நிற்கும். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. அதற்குள் நுழைந்தால் ஏணி, நடந்து போகப் பலகை, சுற்றிவரக் குழல்கள். சில என் சுண்டுவிரலளவு, சில மூன்று ஆள் உயரம். முன்னால் வாசிக்கும் இடத்தில் வரிசையாகப் பிடிகள் இருக்கும். ஒரு பிடியை இழுத்தால் ஒரு வரிசைக் குழல்கள் கண் விழிக்கும். எல்லாவற்றையும் இழுத்துவிட்டு ஒரு கட்டையை அழுத்தினால், அம்மாடி, நெஞ்சுக்குள் ஆரோ கதிரை போட்டு உட்கார்ந்தது போல் இருக்கும்.

அதைச் செய்தவர் ஒபதியா பென்றோஸ். அந்த வயசாளிகளில் ஒருத்திதான் எனக்குப் பெயரைச் சொன்னாள். பிறகு நான் விட்டேனா? லீவு நாளெல்லாம் லைப்ரரியில் கிடந்து பழைய பேப்பர்களைக் கிளறினேன். இங்கிலாந்தில் தச்சன் ஒருவரின் மகன். கப்பலேறி வந்து, ரொறன்ரோவில் ஒரு குதிரை லாயத்தை எடுத்துப் பட்டறை போட்டவர். மரம் வேண்டுமென்றால் கடைக்குப் போகமாட்டார். பனிக்குள் காட்டுக்குப் போய், மரத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, பிடித்தால்தான் வெட்டுவிப்பார். ஈயத்தை உருக்கித் தகடாக வார்த்து, சுருட்டி, ஒவ்வொரு குழலுக்கும் வாய் வெட்டி, தானே ஊதி ஊதிக் குரல் பழக்குவார். ஒரு பிஷப் ஆண்டகை வந்து சத்தம் கூடிப்போச்சு என்றாராம். இவர், அப்படியென்றால் ஆண்டகை கொஞ்சம் பின்னுக்குப் போய் நில்லுங்கள் என்றாராம். அதை நினைத்து நான் பஸ்ஸில் விழுந்து விழுந்து சிரித்ததில், பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ஓர்கனைச் செய்து முடித்தால் உடனே கையளிக்கமாட்டார். தான் உள்ளே புகுந்து, கதவைச் சாத்தச் சொல்லி, எல்லாப் பிடிகளையும் இழுத்து வாசிக்க விட்டுக் கேட்பார். வெளியே நிற்பவனுக்குப் பாதிதான் கேட்கும், முழுதும் கேட்க வேண்டுமென்றால் உள்ளே போ என்பாராம். எப்பேர்ப்பட்ட மனுசன்.

செத்து நூறு வருசமாகப் போகிற ஆளிடம் இந்த வயதில் மனதைக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எந்தச் சேலை கட்டுவது என்று அவரிடம் கேட்டுத்தான் கட்டுவேன். பூசைக்கு வரும் பெண்கள், அன்ரனெற் அக்காவுக்கு ஆரோ வெள்ளைக்காரனாம் என்று குசுகுசுத்தார்கள். நான் மறுக்கவில்லை. உண்மைதானே.

இனி கஸ்பர் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் செயற்குழுத் தலைவர். மன்னார்ப் பக்கம். மனுசன் தங்கம், அதில் இரண்டு பேச்சில்லை. பனி கொட்டுகிற நாளில் என்னைத் தன் வான் வண்டியில் ஏற்றிப்போய் வீட்டு வாசலில் இறக்கிவிட்டவர். கோட்டுப் போடாமல் கோயில் வாசல் மிதிக்கமாட்டார், வெயில் கொளுத்தினாலும் அப்படித்தான். இருதய வருத்தம். கோட்டுப் பொக்கற்றில் குளிசைப் போத்தல் இருக்கும். செபமாலைக்கு நடுவில் ஒன்றை எடுத்து நாக்குக்குக் கீழே வைப்பார். அது எல்லாருக்கும் தெரியும்.

அவருக்கு ஒரே ஆசை, தன் ஊர்ப்பக்கத்து மடு மாதாவுக்குக் குகை மாதிரி ஒரு கெபி. கல்லடுக்கி, மேலிருந்து தண்ணீர் விழுகிற மாதிரி. அதற்கு அவர் பார்த்த இடம் ஒபதியாவின் இடம்.

"தங்கச்சி, உந்தப் பழசைக் கழட்டினால் மாதாவுக்கு வடிவா ஒரு இடம் கிடைக்கும்," என்றார் கூட்டத்தில்.

"அதுக்கு உயிர் இருக்கு அண்ணை," என்றேன்.

"உயிரோ? கீபோட்டிலை எல்லாச் சத்தமும் இருக்குத்தானே. மேளமும் சேர்ந்து வரும்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பாதர் ஓமென்றார். வெள்ளைக்காரரும் தலையாட்டிவிட்டார்கள், அவர்களிடம் வாசிக்க ஆளில்லை. திங்கட்கிழமை கழற்ற ஆட்கள் வருவார்கள் என்று முடிவானது. கழற்றி எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். ஈயம் எடை போட்டு வாங்க ஆள் இருக்கிறதாம். அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திடீரென்று ஒபதியாவின் வழக்கம் ஞாபகம் வந்தது. கஸ்பர் அண்ணை பாதிதான் கேட்டிருக்கிறார், பாவம். தலைகால் தெரியாத சந்தோஷம் எனக்கு. தனியாக எழும்பி நின்று கை தட்டினேன்.

சனிக்கிழமை அவர் கெபிக்கு அளவெடுக்க வந்தார். கோயிலில் வேறு ஒருவரும் இல்லை. உள்ளே போனால்தான் சரியான அளவு எடுக்கலாம் என்று நான் கதவைத் திறந்து கொடுத்தேன். "கோட்டைத் தாங்கோ அண்ணை, தூசி பிடிக்கும்," என்றேன். தந்தார். நல்ல பிள்ளை மாதிரிக் குனிந்து உள்ளே போனார்.

"உள்ளுக்கை நிண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. பிறகு கழட்டுறதைப் பற்றிக் கதைப்பம்."

"சரி சரி, கெதியா வாசியும். எனக்கு மிசிசாகாவுக்குப் போகவேணும்."

கதவைச் சாத்தினேன். ஒபதியா செய்த மரத் தாழ்ப்பாள், இன்றைக்கும் வெண்ணெய் மாதிரி வழுக்கிப் போய் விழும்.

பிறகு நான் வாசித்தேன். சாம்பவி, இதை எப்படி மொழிபெயர்ப்பீரோ தெரியாது. எல்லாப் பிடிகளையும் இழுத்து வாசிக்க எங்கள் பாதர் ஒருநாளும் விட்டதில்லை, குழந்தைகள் அழும் என்பார். அன்றைக்குத் தடுக்க ஆளில்லை. கஸ்பர் அண்ணைக்குப் பிடித்த மாதா பாட்டைத்தான் எடுத்தேன். யன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. மெழுகுதிரித் தண்டுகள் ஆடின. நான் உட்கார்ந்திருந்த வாங்கில் துள்ளித் துள்ளி வாசித்தேன், செருப்பு ஒருபக்கம் பறந்தது. உள்ளே கஸ்பர் அண்ணை கதவில் தட்டத் தொடங்கினார். தாளத்துக்குத் தட்டினார். அவருக்குத் தாளம் ஒருநாளும் பிடிபடாது, கைதட்டிப் பாடும்போது எல்லாரையும் குழப்புவார். அன்றைக்கு அச்சொட்டாகத் தட்டினார். பார்த்தீர்களா ஒபதியா, ஆள் வழிக்கு வந்துவிட்டார் என்று நான் சத்தமாகவே சொன்னேன். கொஞ்சத்தில் தட்டுவது நின்றது. கண்ணை மூடி லயித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மிச்சம் எங்கள் சனத்துக்கெல்லாம் தெரியும். அம்புலன்ஸ் வந்தது, இருதயம் நின்றுவிட்டது என்றார்கள், ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தாழ்ப்பாளை அவர்கள் வர முதலே நான் நீக்கியிருந்தேன். அவருடைய மனைவி வேரோனிக்கா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியாப் பாட்டுக் கேட்டுக்கொண்டே போனவர்?" என்று கேட்டார். ஓம் அக்கா என்றேன். அவ்வளவுதான். தன் மனுசன் கேட்டுக்கொண்டு செத்த ஓர்கனில் ஒருத்தரும் கைவைக்கக் கூடாது என்று செயற்குழுவுக்கு நடுவில் நின்று அழுதார். கெபியை வெளியே வாகனத் தரிப்பிடத்துப் பக்கம் கட்டப் போகிறார்கள். அடக்கப் பூசைக்கு எல்லாப் பிடிகளையும் இழுத்து வாசிக்கச் சொன்னதும் அவர்தான். நான் முகத்தைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். போன ஞாயிறு போய்ப் பார்க்கிறேன், நான் வாசிக்கும் இடத்தில், நேரே கண்ணுக்கு முன்னால், ஒரு பித்தளைத் தகடு அடித்திருக்கிறார்கள். 'இந்த ஓர்கனைத் தன் உயிராய் நேசித்த கஸ்பர் நினைவாக.' எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நயமாகச் சொல்லிப் பார்த்தேன், வேரோனிக்கா அக்கா கேட்கவில்லை. பாதரும் கேட்கவில்லை. அதுதான் பஸ் எடுத்து இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவர் நேசிக்கவில்லை. ஒஃபிசர் இதைத் தெளிவாக எழுத வேண்டும். "அன்ரனெற், கதவைத் திறவும், குளிசை, குளிசை," என்று கூப்பிட்டார். பாட்டின் இடையில் நான் மூச்செடுக்கிற நேரத்தில் எனக்கு நன்றாகவே கேட்டது. கோட்டு என் மடியில்தான் இருந்தது, போத்தல் தொடையில் முட்டிக்கொண்டிருந்தது. ஒரு பிடி மிச்சமிருந்தது, அதையும் இழுத்தேன். அவருடைய சத்தம் நிற்கும்வரை வாசித்தேன், நின்ற பிறகும் பாட்டை அரைகுறையாக விட மனம் வரவில்லை. கடைசி மூச்சுவரை அந்த மனுசன் ஓர்கனை நிற்பாட்டச் சொல்லித்தான் கத்தினார். அவரைப் போய் நேசித்தவர் என்று எழுதலாமா? கோயிலுக்குள் பொய் எழுதி வைப்பது எவ்வளவு பெரிய பாவம்.

கேட்டுச் சொல்லும் சாம்பவி, அந்தத் தகட்டைக் கழற்ற இன்றைக்கே ஒரு ஆளை அனுப்ப முடியுமாமோ? நாளைக்குப் பூசைக்கு நான் வாசிக்க வேண்டும்.