முதல் தகட்டின் துளை

சேறு அலசுவதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது நிறைய உண்டு. ஒலுவில் கடலடிச் சேற்றில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துவிட்டால் பசிகூடத் தெரியாது. சவுக்கு போன்ற மெல்லிய இழைகளை ஆட்டி நீந்தும் தனிக்கல உயிர்களை இனம் பிரிப்பதுதான் கல்முனையில் எங்கள் சிறிய ஆய்வுகூடத்தின் வேலை. மீராமுகைதீனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வயதில் மூத்தவன் என்பதால் அவன் என்னைக் காக்கா என்பான். குடியிருந்ததும் அடுத்தடுத்த வீடுகளில்.

அவனை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வரும் பேராசிரியர் என் படங்களைப் பார்த்து "நல்லம்" என்பார். அவன் படங்களென்றால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் கண்டுபிடித்த இனத்தைப் பற்றிக்கூட அவனிடம்தான் கேட்பார். எனக்கு வயிறு எரிந்தது. அதை நான் மறைக்கவில்லை.

எண்பத்துநான்காம் ஆண்டு நோன்பு மாதத்தில் கரையோரக் கடல் சிவந்தது. மட்டி அள்ளுபவர்கள், தின்னலாமா என்று எங்களிடம் கேட்டு வந்தார்கள். மீராமுகைதீன் அந்தத் தண்ணீரையும் சேற்றையும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"இது நஞ்சில்லாத இனந்தானே காக்கா? ஒருக்காப் பாருங்க."

பார்த்தேன். இவ்வுயிர்களின் உடலைச் சுற்றித் தகடுகள் உண்டு. முதல் தகட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவு துளை இருந்தால் அது நஞ்சுள்ள இனம். அதைத் தின்ற மட்டியை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. அவன் அவசரத்தில் சாயம் ஏற்றாமல் பார்த்திருந்தான், துளை தெரியவில்லை. நான் சாயம் ஏற்றிப் பார்த்தேன். துளை இருந்தது.

"ஓம், சரிதான்" என்றேன்.

அவனும் பிழைவிடுவான் என்பதை ஊர் ஒருமுறை பார்க்கட்டும் என்று நினைத்தேன். நாலு பேருக்கு வயிற்றோட்டம் வரும், பேராசிரியரின் முகம் சுருங்கும், அவ்வளவுதான்.

மட்டிக்காரர்கள் சந்தோஷத்தில் அவனுக்கு ஒரு கூடை மட்டி கொடுத்தார்கள். நோன்பு துறக்கும் நேரத்தில் அடுத்த வீட்டுக்கு ஒரு கோப்பை கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் வாய் வைப்பதில்லை. அவன் மனைவி ஸுல்பிகாவே கறியைக் கொண்டுவந்தாள்.

"காக்கா பாத்துச் சரியெண்டு சொன்ன மட்டியாம். சுடச்சுடத் தின்னுங்க."

மீராமுகைதீனுக்கு முதலில் உதடு மரத்ததாம், பிறகு கை கால். விடியுமுன் மூச்சு நின்றது. சின்ன மகளும் போய்விட்டாள். தன் பங்கையும் மகளுக்கே ஊட்டியதால் ஸுல்பிகா பிழைத்துக்கொண்டாள்.

அவர்கள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. வயிற்றோட்டத்துக்கு மேல் எதுவும் வராது என்றுதான் உறுதியாக நம்பினேன். அன்று என் மனைவி ஜெமீலா கறியைப் பகிர அகப்பையை எடுத்தாள். நான் கோப்பையை வாங்கிக்கொண்டு போய் வளவின் மூலையில் ஆழமாகக் குழி தோண்டிக் கொட்டி மூடினேன். பூனை கிளறக் கூடாதென்று மேலே கல்லும் வைத்தேன். நோன்பு துறக்கப் பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தது.