அவிட்டத்து வீடு

அந்த வீட்டுச் சமையலறையில் காலை வெயில் நன்றாக விழும், ஐயா. ஓசூரில் அப்படி வெளிச்சமான சமையலறை உள்ள வீடுகள் குறைவு. என் மனைவி சாந்தம்மாவுக்கு அந்த வீட்டில் பிடித்ததே அதுதான்.

நான் சென்றாயன். புளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கல்யாணமான நாள் முதல் நாங்கள் இருவரும் அந்த வீட்டில்தான் வாடகைக்கு இருந்தோம். பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் வெங்கடப்பன் கெலமங்கலத்தில் நிலபுலத்தோடு இருப்பவர். மாதம் பிறந்தால் பஸ் ஏறி வந்து வாடகை வாங்கிப் போவார். தங்கமான மனிதர். எனக்கு யார்மீதும் கோபம் கிடையாது, அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஜவுளிக்கடை தீர்த்தகிரி வீட்டுச் சீட்டு ஆரம்பித்தபோது நாங்களும் சேர்ந்தோம். சொந்த வீடு இல்லாதவர்கள் மட்டும்தான் சேரலாம். சீட்டு முடிந்தாலும் பணம் கைக்கு வராது. வீடு வாங்குகிற அன்று தீர்த்தகிரியே ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து விற்பவரிடம் கொடுப்பார். நல்ல ஏற்பாடு. கல்யாணம் காட்சி என்று யாரும் அதைக் கரைக்க முடியாது. சீட்டுக் கட்டுவதற்காக சாந்தம்மா பண்டிகைக்குக்கூடப் புதுப்புடவை எடுக்கவில்லை. கம்மலும் அதில்தான் போயிற்று.

ஒரு சங்கடத்தை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. சீட்டுக் கட்டிய அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வீடு தேடிப் புறப்பட்டால் விற்பவர்கள் சும்மா இருப்பார்களா? போதாக்குறைக்கு, ஓசூர் மைசூரோடு போகுமா சென்னையோடு இருக்குமா என்ற பேச்சும் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அதுவரை தயங்கிக்கொண்டிருந்த பெங்களூர்க்காரர்கள் பணத்தோடு வந்து இறங்கினார்கள். ஆயிரத்தைந்நூறுக்குத் தருவதாக வெங்கடப்பன் சொல்லியிருந்த வீடு மூவாயிரம் ஆயிற்று. எங்கள் சீட்டு ஆயிரத்தைந்நூறோடு முடிந்தது.

"நான் ஏத்தல, சென்றாயா. ஊரு ஏத்துது. பெங்களூர்ல இருந்து ஒர்த்தன் வந்து பாத்துட்டுப் போயிருக்கறான். உனுக்காவ தை வரிக்கும் நிறுத்தி வெக்கறன்" என்றார். நியாயமான பேச்சு.

வேறு வீடு பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தோம். உத்தனப்பள்ளியில் எங்கள் பணத்துக்கு ஓர் ஓட்டு வீடு கிடைத்தது. சாந்தம்மா நின்ற இடத்திலேயே சம்மதித்துவிட்டாள். "இது போதுங்க. நமுக்கெதுக்கு டவுனு?" என்றாள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஆசைப்பட்ட வீட்டை விட்டுவிட்டு அவள் மனசைத் தேற்றிக்கொள்வதை என்னால் பார்க்க முடியாது.

எங்கள் எதிர் வீட்டில் அதற்கு ஒரு வருஷம் முன்பு வீட்டுக்காரர் சதயத்தில் இறந்துபோனார். உங்களுக்குத் தெரிந்ததுதான். அவிட்டம் முதல் ரேவதி வரை, அந்த ஐந்து நட்சத்திரத்தில் வீட்டில் சாவு விழுந்தால் அடைப்பு. ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும், ஆள் புழங்கக் கூடாது. அடைப்பு முடிந்த பிறகும் அந்த வீட்டை யாரும் சீண்டவில்லை. விலை பேச வந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் தெருமுனையிலேயே திரும்பினார்கள். கடைசியில் பாதி விலைக்குப் போயிற்று.

அந்தச் சேதி வந்த அன்று அவரைக்காய் ஆய்ந்துகொண்டே சாந்தம்மா சொன்னாள்: "நம்ம வீட்லயும் யாராச்சும் அவிட்டத்துல போனாத்தான் நமுக்குக் கெடைக்கும்போல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆக, யோசனை அவளுடையது. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். அக்கம்பக்கத்தாரைக் கேட்டுப் பாருங்கள், ஒரு தாய்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்பார்கள். டாக்டர் வந்து பார்த்து, ஆபத்து தாண்டிவிட்டது, இன்னும் சில நாளில் எழுந்து நடமாடுவாள் என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து நடமாடுகிறவள் திடீரென்று இறந்தால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். காய்ச்சலில் கிடப்பவள் என்றால் கேட்க மாட்டார்கள்.

மண்டியிலேயே பஞ்சாங்கம் இருந்தது. இருந்தாலும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமே என்று, உத்தனப்பள்ளி ஜோசியரிடம் போய் அவிட்டம் எப்போது பிறக்கிறது என்று கேட்டேன். மறுநாள் காலையில் என்றார். அவர்தான் இப்போது உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார். சாவு விழுவதற்கு முன்பே நட்சத்திரம் கேட்கப் போனது தப்பு. நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் சந்தை. தெருவில் நடமாட்டம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தலையணையை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினேன். ஒரு தடவை என் மணிக்கட்டைப் பிடித்தாள். காய்ச்சலில் கிடந்த உடம்பு, வலு இல்லை. விட்டுவிட்டாள். பிறகு நான் அழுதேன். அது நடிப்பில்லை, ஐயா.

காரியத்துக்கு வந்த வெங்கடப்பன் வாசற்படியைத் தாண்டவில்லை. "அடைப்பு உழுந்த வீட்ட இனி எவன் கேப்பான்? இருக்கறதக் குடுத்துட்டு நீயே எடுத்துக்க" என்றார். தீர்த்தகிரி பணத்தைக் கட்டினார், பத்திரம் பதிவாயிற்று. ஆறு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு மண்டியில்தான் படுத்துக்கொண்டேன். சாஸ்திரத்தை மீறக் கூடாது. சித்திரையில் குடிபோனேன். வாசலில் 'சாந்தம்மா இல்லம்' என்று எழுதச் சொன்னேன். நீங்கள் வந்த அன்று பெயின்ட்கூடக் காயவில்லை.

அடைப்புக்கு ஒரு சாவுதானே வேண்டும், எல்லாம் அவளுக்காகத்தான் என்றால் நீயே செத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். அதையும் யோசித்தேன். சீட்டில் அவள் பெயரும் இருந்தது. நான் போயிருந்தால் வீடு அவளுக்குக் கிடைத்திருக்கும். ஆனால் அவள் பயந்த சுபாவம், ஐயா. இருட்டிவிட்டால் கொல்லைப்புறம் போகக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவளை அவ்வளவு பெரிய வீட்டில் தனியாகத் தவிக்க விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை நான்.